தவணைக்கு வாங்கிய மழை

மஸ்கெலியா பஜாரில் ஒரு நல்ல தூக்கத்தின் விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபா. வாய் இருந்தால் நாற்பத்திரண்டரைக்கு இறங்கும். பாதி கையில், மீதி மாதத் தவணை. தம்பையாவின் கடையில் அது ஒரு கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. நெற்றியில் நீல விளக்கு, இரண்டு பக்கமும் காவலுக்கு இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள்.

ஜீவராஜ் அதற்கு முன் தூக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியவனில்லை. அது ஓசியில் வந்துகொண்டுதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் அவனை இரவு வேலைக்குப் போட்ட பிறகு நின்றுபோனது. இரவெல்லாம் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காலையில் வீட்டுக்கு வரும்போது மனைவி வினோதா கொழுந்து பறிக்கவும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிடுவார்கள். ஒற்றை அறைக் காம்பரா அவனுக்கே. கட்டில் அவனுக்கே. கண்ணை மூடுவான். பக்கத்து வீட்டு ரேடியோ வாயைத் திறக்கும்.

தோட்டத்து ஆட்களுக்கு வரிசை வீடாக லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் போதவில்லையா, மனசு போதவில்லையா தெரியாது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவரை ஆளுயரத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் கூரைத் தகரம் வரைக்கும் வெட்டவெளி. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ரேடியோவுக்குச் சொல்லவா வேண்டும்! செய்தி, மரண அறிவித்தல், ராசிபலன், சீமெந்து விளம்பரம், இடையிடையே மனசிரங்கி ஒரு பாட்டு. எல்லாம் அந்த இடைவெளி வழியாக ஏறி வந்து நேராக ஜீவராஜின் தலையணையில் இறங்கின.

நிறுத்தச் சொல்லலாமே என்றால், அதுதான் முடியாது. பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் மரம் வெட்டப் போய் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். பகல் முழுக்கத் தனியாகப் படுக்கையில் கிடப்பவர். அவர் மனைவி வீரம்மா கொழுந்து மலைக்குக் கிளம்பும் முன் அலுமாரிக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கும் ரேடியோவைப் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே கொண்டியை மாட்டிவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவராஜ் மெதுவாகக் கேட்டும் பார்த்தான்.

“அத்தை, அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறச்சு வச்சா…”

“ஏப்பா ஜீவா, ஒனக்கு நல்ல காலு ரெண்டு இருக்கு. நாலு எடத்துக்குப் போற, நாலு பேரப் பாக்குற. அந்த மனுசனுக்கு நாள் பூரா அது ஒண்ணுதானே பேச்சுத் தொண!”

இதற்கு மேல் வாயைத் திறந்தால் லயமே காறித் துப்பும். அவன் வாயை மூடிக்கொண்டான். கண்ணைத்தான் மூட முடியவில்லை.

விளைவு தொழிற்சாலையில் தெரிந்தது. ஒரு நாள் ரோலருக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகி, சட்டைக் கை மெஷினுக்குள் போய்விட்டது. நல்ல வேளையாகப் பழைய சட்டை, கிழிந்து கொடுத்தது. தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கை போனா நஷ்டஈடு எழுதணும் ஜீவராஜ். எனக்கு எழுதுற வேல பிடிக்காது. இன்னொரு தடவ தூங்குனா வீட்டுலயே தூங்கு, வேலைக்கி வராத” என்றார்.

இரவு வேலைக்குச் சம்பளம் கூட. அந்தக் கூடுதலில்தான் பிள்ளையின் டியூஷன் ஓடிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலைப் பையன்கள்தான் வழி சொன்னார்கள். போனில் மழைச் சத்தம் இருக்கிறதாம், பத்து மணி நேரம் நிற்காமல் பெய்யுமாம். வெளிநாட்டில் பணக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் தூங்குகிறார்களாம். ஜீவராஜ் போட்டுப் பார்த்தான். போனில் கேட்ட மழை வடைச் சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல் இருந்தது. பசிதான் எடுத்தது. ரேடியோவை மூழ்கடிக்க வேண்டுமானால் பெரிய மழை வேண்டும்.

பெரிய மழை தம்பையாவிடம் இருந்தது.

தம்பையா கடையில் சரக்கைவிட அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் வியாபாரம் செய்யும். அதில் உட்கார்ந்தவன் வாங்காமல் எழுந்ததில்லை. ஜீவராஜ் களைப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“காம்பரா எத்தன அடி?” என்றார் தம்பையா.

“பத்துக்குப் பன்னெண்டு, மொதலாளி.”

“சின்ன ரூம். அப்ப சத்தம் செறிவா நிக்கும். இந்த வூஃபர் போதும். நாப்பத்தெட்டு.”

“சின்ன ரூமுக்குச் சின்ன வெல இல்லீங்களா?”

“சின்னப் புள்ளைக்கு பஸ்ஸுல அர டிக்கட் உண்டு. வூஃபருக்குக் கெடையாது.” தம்பையா பொத்தானைத் தட்டினார். கடைக் கண்ணாடியும் மேசை மேலிருந்த தேத்தண்ணிக் கோப்பையும் நடுங்கின. “பாத்தீங்களா? ஊமையும் பேசும்.”

“எனக்குப் பேச வேணாம், மொதலாளி. தூங்கணும்.”

தம்பையா அவன் முகத்தை முதன்முறையாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார். அவசரக்காரனிடம் விலையை இறக்கக் கூடாது என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம். ஆனாலும் இறக்கினார். தவணைக்கு வாங்குகிறவன் வேலையில் இருந்தால்தானே தவணை வரும்! நாற்பத்திரண்டரைக்கு முடிந்தது. கிளம்பும்போது இலவசமாக ஒரு புத்தியும் சொன்னார்: “பெட்டியத் தரையில வைக்காதீங்க. நம்ம ஊரு ஈரம் உள்ள ஏறிடும்.”

தரையில் வைக்க இடமும் இல்லை. கட்டிலுக்கு அடியில் அரிசி வாளி, மூலையில் தண்ணீர்க் கேன், அலுமாரி மேல் சாமிப் படங்கள்.

“தலையில வச்சுக்கங்க” என்றாள் வினோதா. பிறகு மனசிரங்கி அண்ணாந்து பார்த்தாள். “சொவத்து மேல எடம் கெடக்கே.”

அப்படித்தான் அந்தப் பெட்டி நடுச்சுவரின் உச்சியில் ஏறியது. முகம் இந்தப் பக்கம், முதுகு அந்தப் பக்கம். அந்த மாதிரிப் பெட்டிக்கு இடிமாதிரிக் கனத்த சத்தம் இறங்குவது முதுகில் இருக்கிற ஓட்டை வழியாக என்று தம்பையா சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. காசு கொடுத்த ஜீவராஜுக்குத் தூறல் கிடைத்தது. காசே கொடுக்காத ஆண்டியப்பன் வீட்டுக்கு இடி கிடைத்தது.

முதல் இரண்டு நாள், போன் மழையைப் பெட்டி வழியாகப் பெய்யவிட்டு, புது மோகத்தில் கொஞ்சம் தூங்கினான். வெளியே தகரத்தின் மேல் சும்மா பெய்கிற மழை, உள்ளே தவணைக்குப் பெய்கிற மழை. அடுத்த ஞாயிறு பட்டப்பகலில், நல்ல வெயிலில், வீரம்மா “ஐயோ, உடுப்பு!” என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். கொடியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்ட பிறகுதான் வானத்தைப் பார்த்தாள். அப்புறம் சுவரின் உச்சியைப் பார்த்தாள்.

சண்டை போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வீரம்மா சண்டைக்காரி இல்லை. இந்த இடியில் தன் புருசனுக்கு ரேடியோ கேட்காதே என்ற கவலைதான் அவளுக்கு. சம்பளத்தன்று மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினாள். அடகுக் கடையில் தோட்டைக் கழற்றினாள். தம்பையாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஜீவராஜ் படுத்ததும் சீமெந்து விளம்பரம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

அவன் மழையைக் கூட்டினான். மழைக்கு மேலாக ராசிபலன் வந்தது. கும்ப ராசிக்காரர்களுக்கு நிம்மதியான வாரமாம். ஜீவராஜ் கும்ப ராசி.

அன்றே கடைக்குப் போனான். உட்காரவில்லை, நின்றே பேசினான்.

“மொதலாளி, எங்க பக்கத்து வீட்டு அத்தைக்கு அந்தப் புது ரேடியோவையும் நீங்கதான் குடுத்தீங்களா?”

“ஆமா. நல்ல பொம்பள. வெல கூடக் கேக்கல.”

“நாயமாங்க இது?”

“ரெண்டு பேரும் நம்ம ஆளுகதானே? ஒருத்தருக்குக் குடுத்துட்டு இன்னொருத்தருக்கு இல்லேன்னு சொன்னா அதுதான் அநியாயம்.” தம்பையா சிரிக்கவில்லை. அவரும் களைத்த மனிதர்தான், போனிலேயே எல்லாரும் பாட்டுக் கேட்கிற காலத்தில் ரேடியோ விற்கிறவர். “இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. பழசத் திருப்பி எடுத்துக்கிறேன்.”

ஜீவராஜ் அந்தப் பெரிய பெட்டியைப் பார்த்தான். அதை வைத்தால் காம்பராவில் ஒன்று பெட்டி இருக்கலாம், இல்லையென்றால் அவன் இருக்கலாம். பஸ்ஸுக்கு நடந்தான்.

அந்த வாரம் ரோலருக்குப் பக்கத்தில் தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளியே நின்றான். டீமேக்கர் ஐயா இரண்டு தடவை கடந்து போனார். இரண்டு தடவையும் ஜீவராஜின் கைகளை மட்டும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை காற்று அடித்தது. எங்கோ மரம் விழுந்து கரண்டு போனது. சுவரின் உச்சியில் நீல விளக்கு அணைந்தது. மழை நின்றது. ரேடியோ பாதி வார்த்தையில் நின்றது. அந்தக் காம்பராவில் அவன் கேட்டறியாத ஓர் அமைதி வந்து இறங்கியது. ஜீவராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான், அசைந்தால் அது போய்விடும் என்பதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“அப்பாடா! சனியன் வாய மூடுச்சு.”

ஜீவராஜ் எழுந்து உட்கார்ந்தான். “மாமா?”

“மாப்ள! முழிச்சா இருக்க?”

“நான் எப்ப மாமா தூங்குனேன்? சனியன்னு எதச் சொன்னீங்க?”

“ரேடியோவத்தான்! மாசக் கணக்கா சீமெந்து சீமெந்துன்னு உயிர வாங்குதே. எந்திரிச்சு நிக்க முடியாதவன் சீமெந்து வாங்கி என்ன மாளிகையா கட்டப் போறேன்?”

ஜீவராஜ் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக் கொண்டியை நீக்கி உள்ளே போனான். ஆண்டியப்பன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பலகையில் புது ரேடியோ. அலுமாரியின் உச்சியில் ஒற்றைச் செருப்பு ஒன்றும் கரண்டி ஒன்றும் கிடந்தன.

“எறிஞ்சு பாத்தேன்” என்றார். “ரேடியோ மேல படல. செருப்பக் காணோம்னு அவ லயம் பூரா தேடுறா.”

“அத்தைகிட்டச் சொல்லி இருக்கலாமே மாமா! உங்களுக்குப் பிடிக்கும்னு அது…”

“பழச வச்சிருந்தப்பவே சொல்லி இருக்கணும். எனக்காகத் தேடித் தேடி ஸ்டேஷன் வச்சுட்டுப் போவா. எப்புடிச் சொல்ல? இப்ப தோட்ட வேற அடகு வச்சுட்டா. வந்ததும் நல்லாருக்கான்னு கேட்டா. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?” அவர் தலையைத் திருப்பினார். “அதாவது பரவால்ல. நீ போடுறியே ஒரு மழை…”

“ரொம்ப சத்தமா மாமா?”

“சத்தம் கெடக்கட்டும். எந்திரிச்சுப் போக முடியாத மனுசன், பத்து மணிநேரம் சோன்னு தண்ணிச் சத்தம் கேட்டா வயித்துக்கு என்னாகும்னு யோசிச்சியா? அவ மத்தியானம்தான்டா வருவா!”

ஜீவராஜ் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இடுப்பு வலித்ததால் “ஐயோ, சிரிக்க வைக்காதடா” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

கரண்டு திரும்பியது. ரேடியோ விட்ட வார்த்தையின் மீதியைச் சொல்ல ஆரம்பித்தது. ஜீவராஜ் ஒரே எட்டில் போய் அதை நிறுத்தினான்.

“நான் தெனமும் வந்து நிறுத்திடுறேன் மாமா. அத்தை வர்ற நேரத்துக்குத் திரும்பப் போட்டுடுறேன்.”

“சும்மா நிறுத்திட்டுப் போயிடுவியா?” ஆண்டியப்பனின் குரல் மாறியது. இப்போது அதில் சரக்கின் மதிப்புத் தெரிந்தவனின் நிதானம் இருந்தது. “நீ போயி நிம்மதியா தூங்குவ. நான் கூரைய எண்ணிக்கிட்டுக் கெடக்கணுமா? ஒரு மணி நேரம் ஒக்காந்து பேசிட்டுப் போ.”

“கால் மணி, மாமா. கண்ணு எரியுது.”

“முக்கா மணி. தெனம் ஒரு பீடி.”

“அர மணி. பீடி குடுத்தா அத்தை என்னக் கொன்னுடும்.”

“அர மணி, ஞாயித்துக்கெழமைக்கி மட்டும் பீடி. அவ கோயிலுக்குப் போனப்பறம்.”

“சரி மாமா.”

“கைய அடி.”

அடித்தார்கள்.

அதன் பிறகு வீரம்மா வாசலைக் கடந்ததும் ரேடியோ ஓயும். அவள் மத்தியானச் சோற்றுக்கு வருகிற நேரத்துக்கு ஜீவராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துபோய்ப் போட்டுவிட்டு, அவள் திரும்பிப் போனதும் மறுபடி நிறுத்துவான். புது ரேடியோ வந்ததிலிருந்து அவருக்கு முகம் தெளிந்திருக்கிறது என்று அவள் லயமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தப் புகழில் தம்பையா இன்னும் இரண்டு ரேடியோ விற்றார். பெரியது வாங்காததால் வூஃபரை அவர் திருப்பி எடுக்கவில்லை. பெட்டி பிரித்த சரக்கு பாதி விலைக்கும் போகாதாம். அது சுவரின் உச்சியிலேயே இருந்தது. வினோதா அதன் மேல் சாமிப் படம் ஒன்றை வைத்துவிட்டாள்.

ஆண்டியப்பனுக்குப் பேச நிறைய இருந்தது. தான் விழுந்த மரத்தைப் பற்றி, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவின் கஞ்சத்தனத்தைப் பற்றி, எவனோ திருடிய ஆட்டைப் பற்றி. ஜீவராஜ் முக்காலியில் உட்கார்ந்து “ம்” கொட்டுவான். சில நாள் ஆட்டைத் திருடியவன் பிடிபடும் முன்பே அவன் தலை சுவரில் சாய்ந்துவிடும். அப்போது ஆண்டியப்பன் பேச்சை நிறுத்திவிடுவார். எழுப்ப மாட்டார். கூரையைப் பார்த்தபடி, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். அவன் விழித்ததும், பேச்சு நேரத்தில் தூங்கிய நிமிடங்களைப் பாக்கி என்று கணக்குச் சொல்வார்.

மாதக் கடைசியில் ஜீவராஜ் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தான். தம்பையாவுக்கு ஒரு தவணை கட்டியாயிற்று, ஐந்து பாக்கி. வீரம்மாவின் தோடு அடகில், வட்டி ஓடுகிறது. ரோலருக்குப் பக்கத்தில் இரண்டு கையும் பத்திரம். டீமேக்கர் ஐயா இப்போது அவன் முகத்தைப் பார்க்கிறார். தூக்கம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், இரண்டு துண்டாக. நல்ல தூக்கம் இல்லை, ஆனாலும் தூக்கம்.

கண் சொருகும் நேரம், சுவருக்கு மேலாக, மெதுவாக:

“மாப்ள, தூங்கிட்டியா? இல்ல, கணக்குக்குத்தான் சொல்றேன். இன்னையோட ரெண்டேகால் மணி நேரம் பாக்கி. பீடி ஒண்ணு.”