கிளாரினெட்டுக்கு மூன்று வரிகள்

வாரத்தில் ஐந்து நாள் டாக்டர் பல் பிடுங்குவார். சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் நாற்பது பேரை உட்கார வைத்து, கையில் குச்சியோடு இசைக்குழு நடத்துவார். பஸ் ஓட்டுநர், கணக்கு டீச்சர், தபால்காரர் என்று வருகிற யாருக்கும் அது பிழைப்பில்லை. ஆனால் இசை எழுதுகிறவன் அவன்; அவன் எழுதியதை இந்த உலகத்தில் வாசித்த ஒரே குழு அதுதான். பெரிய குழுக்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிய தாள்களை, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே பென்சிலோடு உட்கார்ந்து படித்தவர் டாக்டர். பதினொரு வருஷமாக அந்த நன்றியை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்பதுபோல் உள்ளேயே வைத்திருந்தான்.

இந்த வருஷம் டாக்டர் வேறொருத்தி எழுதியதை எடுத்துக்கொண்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்; இதுதான் அவளுக்கு முதல் முயற்சி. அவன் எழுதியது அடுத்த வருஷத்துக்குப் போனது. தான் எழுதியதை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் அவள் தேறிவிடுவாள் என்றார் டாக்டர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பற்றிச் சொன்னதும் அதையேதான். அதைத் தனக்கென்றே சொன்ன வார்த்தை என்று அவன் நம்பியிருந்தான்.

மூன்று நாள் அவன் வீட்டில் பேசவில்லை. நான்காம் நாள் மனைவி வாய் திறந்தாள். "அவர் பல் டாக்டருங்க. ஊர்ல எல்லார் வாயிலயும்தான் கை வைப்பாரு. உங்க வாயில மட்டும்னு எழுதியா குடுத்தாரு?"

அவன் சிரிக்கவில்லை.

வாசிப்பவர்களின் தாள்களை வேறொருவர் சரிபார்த்து மூலையில் கையெழுத்துப் போடுவது குழுவின் வழக்கம். அந்தப் பெண்ணின் தாள்கள் அவனிடமே வந்தன. கிளாரினெட் பக்கத்தில் அவன் கண் நின்றது. அந்தக் கருவியில், எழுதியதைவிட ஒரு படி கீழேதான் சத்தம் வரும். ஆகவே ஒரு படி மேலே எழுத வேண்டும். நடுவில் மூன்று வரிகளுக்கு அவள் அதை மறந்திருந்தாள். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. பென்சிலை எடுத்தான். வெகுநேரம் சும்மா பிடித்திருந்தான். பிறகு மூலையில் கையெழுத்தை மட்டும் போட்டு மூடினான்.

சனிக்கிழமை ஒத்திகையில் அந்த மூன்று வரிகள் வந்ததும் பல் கூசுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. குழு நின்றது. கிளாரினெட் வாசிக்கும் பஸ் ஓட்டுநர், "நான் ரூட்டு மாறிட்டேனா டாக்டர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் முகம் வெளுத்தது.

டாக்டர் இறங்கி வந்து தாளைப் பார்த்தார். மூலையையும் பார்த்தார். "தப்பு என்னோடது. நான் இன்னொரு தடவை பாத்திருக்கணும்" என்றார்.

அந்தப் பெண் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். அது எந்தப் பார்வை என்று அவனுக்குத் தெரியும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர்," என்று எழுந்தான். "நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன்."

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். "மூணு வரிதானே. எழுதுங்க, நாங்க இருக்கோம்."

நாற்பது பேர் காத்திருக்க, பஸ் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக மேலேற்றி எழுதினான். எழுத எழுத அது காதுக்குள் கேட்டது. நன்றாக இருந்தது. அவன் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாக இருந்தது.

மறுபடி தொடங்கினார்கள். கிளாரினெட் தனியே எழும்பிய இடத்தில் டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். அவனுடைய இசைக்கு அவர் கண் மூடி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்தது. ஓட்டுநரின் இரண்டு கையும் கருவியில் இருந்தன. அவன் திருப்பினான்.