ஹிலாரி தூத்காவின் சாவுச் சான்று

பெண்டாட்டி வந்து பாலத்தில் நிற்கிறாள் என்று சேதி வந்தபோது வாலெந்தி கொசேரா முழங்கால் வரை சேற்றில் நின்று கரிமண் வெட்டிக்கொண்டிருந்தான். சதுப்பை செங்கல் செங்கலாக வெட்டி, காய வைத்து, அடுப்புக்கு விற்கிற வேலை. அந்த நாட்டில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. மீதிப் பாதி, கலர் கலராகத் தபால்தலை அச்சடித்து வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டியது.

சேதி சொன்னவன் ஃப்ளோரியன். போர்க்காலத்தில் கைதி முகாமில் பக்கத்துப் பலகையில் படுத்தவன், இப்போது பக்கத்துக் குழியில் வெட்டுகிறவன்.

"டேய், ரொசாலியா வந்துட்டாடா. தடுப்புக் கட்டைகிட்ட நிக்கிறா. ஜெர்மன்காரன் மூணே நாளைக்குத்தான் சீட்டுக் கொடுத்திருக்கானாம். அதுக்குள்ள நம்ம பக்கம் எடுத்துக்கலைன்னா திருப்பி ரயிலேத்திடுவானாம்."

வாலெந்தி மண்வெட்டியைச் சேற்றில் குத்தினான். அது தானாக நின்றது. அவளைப் பார்த்துப் பதினெட்டு வருஷம்.

"மூஞ்சியைக் கழுவு. செத்த எருமை மாதிரி இருக்கே. பதினெட்டு வருஷம் கழிச்சுப் பாக்கறவ பயந்து ஓடிடப் போறா" என்றான் ஃப்ளோரியன்.

மூஞ்சியைக் கழுவினால் தீருகிற விவகாரம் இல்லை அது. ரொசாலியாவின் புருஷன் பேர் ஹிலாரி தூத்கா. கிழக்குப் போலந்தில் தார்னோபோல் பக்கத்துக் குடியானவன். முப்பத்தொன்பதில் பட்டாளத்துக்குப் போய் ஜெர்மன்காரனிடம் கைதியானவன். இந்தக் குட்டி நாட்டின், எம்ஸ்கரைக் குடியரசின், பதிவேட்டில் அப்படி ஒருத்தன் கிடையாது. அதில் இருந்தவன் வாலெந்தி கொசேரா. பிறந்த ஊர் மேற்குப் போலந்தில் போஸ்னான். கல்யாணம் ஆகாதவன். பிள்ளைகள் இல்லை.

நாற்பத்தைந்தில் போர் முடிந்த வசந்தத்தில், இந்த ஊர் ஜெர்மானியர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, சதுப்பு முகாம்களில் கிடந்த போலந்துக்காரர்களை அந்த வீடுகளில் குடிவைத்தது ஜெயித்த நேச நாட்டுப் பட்டாளம். பிறகு மேஜையும் தட்டச்சும் போட்டு ஆளுக்கொரு கார்டு எழுதினார்கள். எங்கே பிறந்தாய்? போலந்தில் புதிதாகப் போட்ட எல்லைக் கோட்டுக்குக் கிழக்கே பிறந்தவர்களை ரஷ்யாக்காரனிடம் ஒப்படைக்கப்போகிறார்கள் என்று முந்தின நாளே பேச்சு பரவியிருந்தது. மறுநாள் வரிசையில் நின்றவர்களில் கிழக்கே பிறந்தவன் ஒருத்தன்கூட இல்லை. பெண்டாட்டி பிள்ளை கிழக்கே இருக்கிறவர்கள் அவர்களையும் விழுங்கிவிட்டு, தனிக்கட்டை என்றார்கள்.

ஹிலாரிக்குப் பொய்யை யோசிக்கும் வேலைகூட இருக்கவில்லை. முகாம் திறக்க ஒரு மாதம் இருக்கும்போது வாலெந்தி கொசேரா என்ற போஸ்னான்காரன் டைஃபஸில் செத்திருந்தான். குழி வெட்டியது ஹிலாரியும் ஃப்ளோரியனும்தான். அவன் கழுத்தில் கிடந்த அடையாளத் தகடு ஹிலாரியின் சட்டைப்பையில் இருந்தது. செத்தவனின் பேரை எடுத்துக்கொண்டான். குழியின் மேல் வெறும் எண் மட்டும் நின்றது.

கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தார்கள். நாற்பத்தெட்டில் பட்டாளம் கிளம்பியது. ஊரைத் திருப்பிக் கொடு என்றான் ஜெர்மன்காரன். இத்தனை பேரையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வேண்டாத பிள்ளைக்கு ஒரு பேர் வைப்பதுபோல, ஒரு ஊர், பதினோரு கிராமம், ஒரு சதுப்பு, ஒரு பாலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போட்டு, தனி நாடு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முகாம் கார்டுகளைக் கட்டாகக் கட்டித் தைத்தார்கள். அதுதான் குடிமக்கள் பதிவேடு. கார்டில் உள்ளது உண்மை என்பதுதான் சட்டத்தின் முதல் வரி.

அன்று சாயங்காலமே வந்து நின்ற வாலெந்தியிடம் பதிவாளர் செனோன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பெண்டாட்டியா? கொசேரா, உங்களுக்கு ஏது பெண்டாட்டி?"

"ஐயா, என் கார்டு பொய்."

செனோன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் எழுதிக்க வேண்டி வரும். எழுதினா உங்க குடியுரிமை போச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க. உங்க பெண்டாட்டியோட சேர்ந்து ரயிலேறலாம், கிழக்கே."

"உண்மையைச் சொன்னாலுமா?"

"உண்மையைச் சொன்னாத்தான்." செனோன் பதிவேட்டின் முதுகைத் தட்டினார். "போஸ்னான்ல மரச்சந்தைத் தெருன்னு ஒண்ணு இருக்கு. இந்த நாட்டுல நானூத்திப் பதினோரு பேர் அந்த ஒரே தெருவுல பிறந்தவங்க. அந்தத் தெருவை நான் கண்ணால பார்த்ததில்லை. நானும் அங்கதான் பிறந்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரன் வக்கீல் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஒரு கார்டு பொய்னு நானே ஒத்துக்கிட்டேன்னு வைங்க, மொத்தமும் பொய்ம்பான். பொய்தானே? அப்புறம் நீங்க படுக்கற வீடும் போச்சு, நான் உட்கார்ற நாற்காலியும் போச்சு."

வாலெந்தி தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். "அப்ப அவ திரும்பிப் போகணுமா?"

"ஏன் போகணும்? கல்யாணம் பண்ணிக்குங்க. குடிமகனைக் கட்டிக்க வர்ற வெளிநாட்டுப் பொம்பளைக்கு ஒரே நாள்ல அனுமதி."

"பண்ணியாச்சே ஐயா. முப்பத்து மூணுலயே."

"அது தூத்கா பண்ணினது. கொசேரா இன்னும் பண்ணலையே." சொல்லும்போது செனோன் சிரிக்கவில்லை. "அவங்க பேப்பர்ல புருஷன் பேர் இருக்கறதால விதவைன்னு காட்டணும். ஹிலாரி தூத்கா செத்ததுக்குச் சான்று வேணும். எப்ப, எங்க, எந்தக் குழி. பார்த்த சாட்சி ரெண்டு பேர். அப்புறம் அவங்க கையெழுத்து."

வாலெந்தி தொப்பியைத் தலையில் வைத்தான்.

"குழி இருக்கு. இருநூத்திப் பதினாலு" என்றான்.

மறுநாள் காலையில் ஒரு முழு ரொட்டியும், சின்னக் கிண்ணத்தில் உப்பும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனான். புதிதாக வருகிறவர்களை ரொட்டியும் உப்பும் கொடுத்துத்தான் வீட்டுக்குள் அழைப்பார்கள். காவலாளி ரொட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்த பிறகுதான் கொடுக்கலாம், கட்டைக்கு மேலே நீட்டக்கூடாது என்றான். நாடு சின்னதென்றாலும் சட்டம் முழுசாக இருந்தது.

அவள் பஞ்சு தைத்த மேல்சட்டையோடு, ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டு இல்லை. எழுந்து கட்டையருகே வந்து, அவனை உச்சி முதல் கால் வரை பார்த்தாள்.

"ஏன்டா ஹிலாரி, இங்க உனக்குச் சோறே போடலையா?"

ஊரிலும் அப்படித்தான். அவன் அம்மா எதிரிலேயே அவனை டா போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லாதே."

"ஏன், உன் பேருதானே? உன் பேருன்னுதான் நினைச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

அவன் சொன்னான். கார்டு, கொசேரா, செனோன், குழி எல்லாம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கட்டையின்மேல் வைத்திருந்த அவள் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான்.

"நீ செத்துட்டேன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"காகிதத்துல மட்டும்தான், ரோசா."

"ரஷ்யாக்காரன் எங்களைக் கொண்டுபோய்த் தள்ளின கஸகஸ்தான்லயும் காகிதத்துலதான் கேட்டாங்க." அவள் ஆற்றைப் பார்த்தாள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவான் பண்ணை அதிகாரி. உன் புருஷன் செத்துட்டான், கையெழுத்துப் போடு, எங்க குடியுரிமை வாங்கிக்கோ, ரொட்டி கூடுதலா இருநூறு கிராம் தர்றேன்பான். நான் போடலை. ரெண்டு குளிர்காலம் ஜெயில்ல வெச்சான். அப்பவும் போடலை."

"தெரியும். உன் தங்கச்சி எழுதியிருந்தா."

"என்ன தெரியும் உனக்கு?"

பையன் ஸ்டாஷெக் செத்தது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். தங்கையின் கடிதத்தில் ஒரே வரி. எப்படி என்று எழுதவில்லை.

"ஸ்டாஷெக் எப்படி..."

"உள்ள வந்து சொல்றேன். கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சொல்ற கதையா அது?"

பின்னால் ஜெர்மன் பக்கத்தில் வீடிழந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தினமும் வந்து நிற்கிறவர்கள். அவன் படுக்கிற கட்டிலும் சாப்பிடுகிற தட்டும் அவர்களில் ஒருத்தனுடையது.

மூன்றாம் நாள் செனோன் மேஜையைப் பாலத்துக்கே கொண்டுவந்து போட்டார். முதல் சாட்சி ஃப்ளோரியன். காகிதத்தை நேராகப் பிடித்தாலும் படிக்கத் தெரியாதவன், படித்ததுபோல உதட்டை அசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது சாட்சி வாலெந்தி. அந்தக் குழியை வெட்டியது அவர்கள் இரண்டு பேர்தான்.

ரொசாலியா காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"எதுல செத்தான்?"

"டைஃபஸ்" என்றார் செனோன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சாட்சியைப் பார்த்தாள். "நீங்கதானே பக்கத்துல இருந்தது? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

வாலெந்தியிடம் பதில் இருந்தது. அது உண்மையான பதில்.

"நாலு நாள். கடைசி நாள் தண்ணி கேட்டான். வாளியில ஐஸ்தான் இருந்துச்சு. உடைச்சு வாயில வெச்சேன்."

"யாரையாவது கேட்டாரா?"

செத்தவன் தன் அம்மாவைத்தான் கேட்டான். "ஆமா. உங்களைத்தான் கேட்டான்" என்றான் வாலெந்தி. அன்றைக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழுப் பொய்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தடுப்புக் கட்டை உயர்ந்தது. அவன் முந்தின நாள் ரொட்டியை நீட்டினான். ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"நன்றிங்க, கொசேரா ஐயா."

ஃப்ளோரியன் தொடையில் தட்டிச் சிரித்தான். வாலெந்தியும் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கல்யாணம். தடை ஏதும் உண்டா என்று பாதிரியார் கேட்டபோது கோயில் முழுக்க யாரும் இருமக்கூட இல்லை. மரச்சந்தைத் தெருவில் பிறந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவள் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் தனியாகப் படுக்கை போட்டுக்கொண்டாள். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். நேரத்துக்குச் சமைத்தாள். "சாப்பிடுங்க." "சட்டையைக் கழட்டிப் போடுங்க, துவைக்கணும்." ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் சூப்பை நகர்த்தி வைத்துவிட்டு அவன் கேட்டான்.

"ரோசா, பையன் எப்படிச் செத்தான்? வந்து சொல்றேன்னியே."

அவள் ரொட்டி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அதை அவன் அப்பாகிட்டதான் சொல்லணும். உங்ககிட்ட எதுக்கு?"

"நான்தானேடி அவன் அப்பா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள். "சும்மா போட்டதுன்னு நினைச்சீங்களா? ரெண்டு வருஷம் போடாம இருந்த கை இது."

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகச் சதுப்பு மயானத்துக்குக் கிளம்பியது. ரொசாலியா கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு, "வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்குங்க" என்றாள். அவன் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

எண் பதிவாகிவிட்டதால் அரசாங்கம் தன் கடமையைச் செய்திருந்தது. இருநூற்றுப் பதினாலாம் குழியில் புதுச் சிலுவை. வெள்ளைப் பெயின்ட்டில் ஹிலாரி தூத்கா என்று எழுதியிருந்தது. பிறந்த வருஷம் அவனுடையது. செத்த வருஷம் இன்னொருத்தனுடையது.

அவள் சிலுவையைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சுற்றிலும் எல்லாரும் அவரவர் குழியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அப்படித்தான். வீட்டில் நடந்ததை எல்லாம் அன்றைக்குத்தான் சொல்வார்கள். அவள் ஈரத்தில் மண்டியிட்டாள்.

"டேய் ஹிலாரி" என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலை அவன் பாலத்தில் கேட்டதோடு சரி.

"உன் பிள்ளை கதையைக் கேளு. நான் கையெழுத்துப் போடாததால என்னை ஜெயில்ல போட்டாங்க. அவனை அனாதை விடுதிக்குக் கொண்டுபோனாங்க. எட்டு வயசு. அப்பா யாருன்னு கேட்டிருக்காங்க. ஹிலாரி தூத்கா, பட்டாளத்துல இருக்காரு, வந்துடுவாருன்னிருக்கான். அப்பன் உசிரோட இருக்கற பிள்ளைக்கு அனாதைப் பங்கு கிடையாதாம். செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, தட்டுல ஊத்தறேன்னாளாம் சமையல்காரி. அவளுக்குக்கூட மனசு கேக்கலை. இவன் சொல்லலைடா. நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அப்படிச் சொல்லக்கூடாதுன்னு. மத்த பிள்ளைங்க மிச்சம் வெச்சதைத் தின்னிருக்கான். பிப்ரவரி வரைக்கும் தாங்கினான். மண்ணு உறைஞ்சு கிடந்ததால ஏப்ரல்லதான் புதைச்சாங்களாம்."

வாலெந்தி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாளித் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது.

"ரோசா" என்றான்.

அவள் திரும்பவில்லை. சிலுவையின் ஈரத்தை முக்காட்டு நுனியால் ஒற்றினாள். "நீயும் தண்ணிக்குத் தவிச்சியாமே" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

சதுப்பிலிருந்து காற்று கிளம்பி வந்தது. சின்ன மெழுகுவர்த்தி அணைந்தது. அவள் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"கொசேரா ஐயா, தீப்பெட்டி வெச்சிருக்கீங்களா?"

அவன் எடுத்துக் கொடுத்தான்.