இலையில் விழுந்த உருண்டை

பச்சைச் சாற்றைக் குடித்த குணசேகரன், குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தான். அவன் வாயருகே வாழையிலையை ஏந்தியிருந்த, மருந்தெடுக்கும் துரைக்கண்ணு கையை விலக்கியபோது, இலையில் முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று கிடந்தது.

"பாத்துக்கங்க தம்பி. சோத்துல வச்சுக் குடுத்த இடுமருந்து. புருஷனைக் கைக்குள்ள போட்டுக்கறதுக்கு. நாலு மாசமா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கீங்களே, இதாலதான்."

அவர்கள் ஊரில் வயிற்றுக்கோளாறு நாள்பட்டால் முதலில் துரைக்கண்ணுவிடம்தான் போவார்கள். இலையில் இருந்தது சுருட்டை முடி. தன்னுடையது அப்படியில்லை என்று சொல்ல, பக்கத்தில் நின்ற பூர்ணிமா வாய் திறப்பதற்குள் கணவனின் கை கன்னத்தில் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டான். அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினான். விழுந்தவளை விலாவில் மிதித்தான்.

"எதுல வச்ச? ரசத்துலயா, மீன் குழம்புலயா? சொல்லுடி!"

உள்ளே குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். அது அவளுக்கு மட்டும் கேட்டது. மிதித்த களைப்பில் அவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். வெந்நீர் வைத்துத் தரலாமா என்றுதான் அப்போதும் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதன்பிறகு எதையும் அவள்தான் முதலில் தின்ன வேண்டும். கொதிக்கும் ரசத்தை அவள் வாயில் ஊற்றி, விழுங்கும்வரை தாடையை இறுக்கிப் பிடித்திருப்பான். அடி வாங்கி வாங்கி அவளுக்கே குழம்பியது. இவர் என்னிடம் கொஞ்சம் பிரியமாக இருக்கக்கூடாதா என்று உலை வைக்கும்போது எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பு கைவழியே இறங்கிச் சோற்றில் கலந்திருக்குமோ?

குறுவை அறுப்பின் நடுவில், அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஸ்டியரிங்மேல் சாய்ந்தான். மலம் தார்போலக் கறுப்பாகப் போயிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"வலி மாத்திரை ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மெஷின்ல உக்காந்தா இடுப்பு விட்டுப்போவும். மெடிக்கல்ல வாங்கி டீயோட போட்டுக்குவேன்."

"வெறும் வயித்துலயா? தினமுமா?"

"அறுப்பு இருந்தா தினமும்தான்."

"என்டோஸ்கோபி பண்ணிடலாம். வாய்வழியா சின்னக் குழாய் விட்டு உள்ள பாக்கறது."

"குழாயெல்லாம் வேணாம். ஒரு ஸ்கேன் எடுத்து விடுங்க."

"இரைப்பையில புண்ணு இருந்தா ஸ்கேன்ல சரியா தெரியாது. ரத்தம் கசியுது. எங்கேருந்துன்னு பாக்காம எப்படி விடறது?"

அவன் பூர்ணிமாவின் மணிக்கட்டைப் போர்வைக்குள் முறுக்கினான். "கெளம்புடி, போவலாம்."

அவள் அசையவில்லை. இப்போது உள்ளே பார்க்காமல் போனால், அந்த உருண்டையைச் சாகும்வரை தான் சுமக்க வேண்டும்.

"நீங்க பண்ணுங்க டாக்டர். இவருக்குப் பயம், வேற ஒண்ணுமில்ல."

"எனக்கென்னடி பயம்?"

அந்த வீம்பிலேயே மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மேசையில் படுத்தான். தொண்டையில் மருந்தடித்துக் குழாயை இறக்கியதும் கையை வீசி நர்ஸைத் தள்ளிவிட்டான். "தலையைப் பிடிங்கம்மா!" என்று நர்ஸ் கத்தினாள். துணைக்கு நின்ற பூர்ணிமா விலா கிழிய, இரண்டு கையாலும் அவன் தாடையை அழுத்திப் பிடித்தாள். ரசம் ஊற்றும்போது அவன் பிடிப்பானே, அதே பிடி. அவன் கண்ணில் நீர் வழிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்போல் இருந்தது. அப்படித் தோன்றியது அவளுக்கே பயமாக இருந்தது.

திரையில் சிவந்த குகைக்குள் வெள்ளையாக ஒரு குழி, ஓரத்தில் கறுத்த ரத்தம்.

"உள்ள இடுமருந்து, முடி... அப்படி ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயை மெல்லத் திருப்பி எல்லாப் பக்கமும் காட்டினார்.

"நல்லா பாத்துக்கங்க. ஒண்ணுமே இல்ல. இது புண்ணு. வலி மாத்திரையால வந்திருக்கலாம். கிருமியும் இருக்கான்னு பாக்க சின்னத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பறேன். நீங்க எதையும் குடுக்கல."

நீங்க எதையும் குடுக்கல.  பூர்ணிமா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

குழாயை உருவிய பிறகு டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "ஏம்மா விலாவையே பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? எங்கயாவது விழுந்தீங்களா?"

குணசேகரன் கண்ணை உருட்டினான். மரத்த தொண்டையிலிருந்து சத்தம் எழவில்லை.

"விழல டாக்டர். இவர்தான் மிதிச்சாரு," என்றாள். "எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்."