மூன்றாவது சீட்

காலை ஏழு மணிக்குக் கார்ச் சந்தையின் இரும்புக் கதவைத் திறந்தார்கள்.

ஜிபார் மாமனாருடைய பழைய காரின் டிக்கியிலிருந்து மூன்று குழந்தை சீட்டுகளை இறக்கித் தரையில் வைத்தாள். இரண்டில் பால் கறையும் பிஸ்கட் தூளும் அப்பியிருந்தன. மூன்றாவதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. மூன்றையும் அவள் மாஸ்கோவில் வாங்கினாள். மூன்றாவதில் உட்கார வேண்டிய மூத்த மகன் பெக்தூர் அப்போது மாஸ்கோவில் இல்லை. மலை ஊரான நாரினில் தாத்தா வீட்டில் இருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

"இது என்ன, ஆட்டுக்குத் தண்ணி வைக்கற தொட்டியா?" மாமனார் ஜோல்தோஷ் உறை போட்ட சீட்டைச் செருப்புக் காலால் தட்டினார்.

"குழந்தைங்க உக்கார்றது, அத்தா."

"குழந்தைங்க மடியில உக்காரும்."

கணவன் தாலாய் இரண்டு சீட்டைத் தூக்கிக்கொண்டான். உறை போட்டதை அவளே தூக்கினாள்.

பெக்தூருக்கு ஒரு வயது இருக்கும்போது அவனை நாரினில் விட்டுவிட்டு இருவரும் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே இன்னும் இரண்டு பிறந்தன. இந்த ஜூனில் நாடு திரும்பி, தலைநகர் பிஷ்கெக்கில் வீடு பிடித்தார்கள். செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறக்கும். அதற்குள் வந்தால் பெக்தூருக்கு இங்கே ஒன்றாம் வகுப்பு. வராவிட்டால் நாரினில். அங்கே சேர்ந்துவிட்டால் பிறகு அவனைக் கிளப்ப முடியாது என்று ஜிபாருக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரியும். வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரைப் பற்றித்தான் பேசினார்கள். மூணு சீட் நிற்கிற வண்டியாக வாங்குவோம், அதிலேயே போய் அவனைக் கூட்டி வந்துவிடுவோம் என்று மாஸ்கோவில் தாலாய் சொல்லியிருந்தான். வண்டி பார்த்துச் சொல்கிறேன் என்று மாமனார் நாரினிலிருந்து இரவெல்லாம் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

மூன்றாம் வரிசையில் குபாத் என்ற வியாபாரி சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டு நின்றான்.

"வாங்க வாங்க. நாற்காலியோட வந்திருக்கீங்க. கார் வாங்கவா, டீ குடிக்கவா?"

முதலில் வெள்ளை செடான். ஓரங்களில் இரண்டு சீட் நின்றன. நடுவில் மூன்றாவது இறங்கவில்லை. பெல்ட் மாட்டும் கொக்கிகள் சீட்டுகளுக்கு அடியில் புதைந்துபோயின. ஜிபார் முழங்காலால் அழுத்திப் பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்தே நின்றது.

"உதைச்சா மூடிக்கும் அக்கா," என்றான் குபாத். "ஆனா அப்புறம் திறக்காது. கல்யாண வயசு வரைக்கும் பிள்ளைங்க உள்ளேயே வளரட்டும்."

மாமனார் பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். துண்டை விரித்து அடியில் படுத்தார். ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். உள்ளங்கை இரண்டும் கறுப்பு.

"தங்கம். இதை எடு."

"மூணாவது சீட் நிக்கலையே, அத்தா."

"ரெண்டு நிக்குதே."

"எங்களுக்கு மூணு பிள்ளைங்க."

"உங்ககூட இருக்கறது ரெண்டு."

ஜிபார் கணவனைப் பார்த்தாள். அவன் டயரைப் பார்த்தான்.

"நாங்க ஏழு பேரு ஒரு சின்ன மாஸ்க்விச் கார்ல போனோம்," என்றார் மாமனார். "கூட ஒரு ஆடு. யாருக்கு யார் பெல்ட் போட்டா?"

"அந்தப் பயணத்துல ஒண்ணு கதவு திறந்து கீழ விழுந்துச்சுன்னு அத்தை சொன்னாங்களே."

"விழுந்தது ஆடு."

"நல்ல வேளை ஆடுன்னு அவங்களும் சொன்னாங்க."

குபாத் சிரித்துவிட்டு, கிழவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

அடுத்தது வெள்ளி நிற ஜப்பானிய வேன். உயரமானது. பக்கக் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. நடு வரிசையில் இரண்டு, பின் வரிசையில் ஒன்று. மூன்று கொக்கியும் டக், டக், டக்கென்று விழுந்தன. நடுவில் ஒரு ஆள் நடந்துபோக வழியும் இருந்தது. ஜிபார் உள்ளே குனிந்து நின்று மூன்று சீட்டையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெளியே மாமனார் குபாத்திடம் இன்ஜினைப் போடச் சொன்னார். இரண்டு மூச்சு நேரம் கேட்டார்.

"அணை. சீக்குப் பிடிச்ச வண்டி. மலை ஏத்தத்துல மூச்சை விட்டுரும்."

"பெரியவரே, இப்பத்தான் இறக்கினது! என் அம்மா மேல..."

"உங்க அம்மாவை விடு. ஸ்டீயரிங்கும் தப்பான பக்கம். நம்ம ரோட்டுல வண்டி வலது ஓரமாப் போகுது. வலப்பக்கம் உக்காந்து ஓட்டறவன் லாரியை முந்தணும்னா முதல்ல பொண்டாட்டியைக் கேக்கணும். 'ஏம்மா, எதிர்ல ஏதாவது வருதா'ன்னு."

தாலாய் சிரித்தான்.

அடுத்தது ஒரு நீல நிற ஏழு சீட் வண்டி. அதிலும் மூன்றும் நின்றன. ஓட்டுநர் சீட்டில் உட்காராமலே கியர் தேய்ந்துவிட்டது என்றார் மாமனார். பிறகு ஒரு கறுப்பு செடான். இரண்டுதான் நின்றன. அதற்கு அவர் மறுபடி துண்டை விரித்தார்.

ஜிபாருக்குப் புரிந்துபோயிற்று. வேனில் அவர் ஆயில் குச்சியைத் தொடவேயில்லை.

அவள் தாலாயை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"பாத்தியா? மூணு நிக்கற வண்டிக்கெல்லாம் சீக்கு."

"அவருக்கு முப்பது வருஷ லாரி. உனக்கு என்ன தெரியும்?"

"உனக்குக் கண்ணு தெரியும்ல?"

"கத்தாதே. பாக்கறாரு."

"மாஸ்கோவுல என்ன சொன்னே?"

"சொன்னேன். இது மாஸ்கோ இல்ல."

"அவனைக் குடுத்துட்டியா?"

தாலாய் மூக்கைத் தேய்த்தான். "குடுக்கறதுன்னா என்ன? அவன் என்ன கன்னுக்குட்டியா? அங்க நல்லாத்தான் இருக்கான். குதிரை ஏறறான். முதல் பையன் தாத்தா வீட்டுலதான் வளருவான். என்னையும் எங்க தாத்தாதான் வளர்த்தாரு. நான் என்ன கெட்டுப் போயிட்டேன்?"

"பன்னெண்டு வயசு வரைக்கும் தாத்தாவை 'அத்தா'ன்னும் பெத்த அப்பனை 'அண்ணே'ன்னும் கூப்பிட்டவன் நீ. அதான் இன்னைக்கும் அவர் முன்னாடி தம்பி மாதிரி கைகட்டி நிக்கறே."

அவன் முகம் சிவந்தது. "வாயை மூடு."

"மூடிக்கறேன். நீ ஒரு தடவை உன்னோடதைத் திற. அவர்கிட்டப் போயி 'பிள்ளை என்னோடது'ன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

அவன் போகவில்லை. பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்தான். பற்ற வைக்கவும் இல்லை. அப்பா பார்ப்பார்.

ஜிபார் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிளாஸ்கிலிருந்து கிண்ணத்தில் டீ ஊற்றினாள். இடக் கையை நெஞ்சில் வைத்து வலக் கையால் மாமனாரிடம் நீட்டினாள்.

"அத்தா, நீங்க சொல்றதுதான் சரி. ரெண்டு சீட் போதும். பெக்தூர் அங்கேயே படிக்கட்டும்."

கிழவர் கிண்ணத்தை வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு உறை போட்ட சீட்டை எடுத்துப் போய் அவருடைய காரின் டிக்கியில் வைத்து மூடினாள். மூடிய சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது.

திரும்பி வரும்போது தாலாயின் முகம் கண்ணில் பட்டது. வெயில் விழுந்த மாதிரி தெளிந்திருந்தது. அதை அவள் பார்த்திருக்க வேண்டாம்.

"இப்பத்தான் நல்ல வீட்டுப் பொண்ணு மாதிரி பேசறே," என்று மாமனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "மாஸ்கோவுல நீ கெட்டுப் போயிட்டதா நெனச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெரிய வண்டியா இருந்தா மாசம் ஒரு தடவை நாரின் வந்து அவனைப் பாக்கலாம். வரும்போது மாவு மூட்டை கொண்டாரலாம். அத்தைக்கு அந்தத் துணி துவைக்கற மிஷின். கோடையில உங்க கூடாரச் சாமானைக்கூட மேய்ச்சலுக்கு ஏத்திட்டுப் போலாம். அந்த வேன் நிஜமாவே சீக்கா, அத்தா?"

கிழவர் டீயைக் குடித்து முடித்தார். வேனைப் பார்த்தார். கூடாரக் கழிகளின் நீளத்தை மனதுக்குள் அளந்தாரோ என்னவோ, பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார்.

இம்முறை எதையும் விடவில்லை. ஆயில் குச்சியை உருவினார், முகர்ந்தார், விரலில் தேய்த்தார். புகைக்குழாயை உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தார். துண்டை விரித்துப் படுத்தார். பிறகு வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து, குபாத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கியபோது குபாத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"காலையில இன்ஜின் சூடாகல. அதான் அப்படிக் கேட்டுச்சு," என்றார். "நல்ல வண்டி. சுத்தமா வெச்சிருக்கான். எடு."

"ஸ்டீயரிங் தப்பான பக்கமாச்சே, பெரியவரே?" என்றான் குபாத்.

"பழகிக்குவான். லாரியை முந்தும்போது பொண்டாட்டியைக் கேட்டுக்கட்டும். எப்படியும் எல்லாத்தையும் அவளைத்தானே கேக்கறான்."

அதற்கும் தாலாய் சிரித்தான். பணம் கை மாறியது. குபாத் அவன் கையை ஓங்கி அடித்துக் குலுக்கினான். பேச்சு முடிந்தது.

"அத்தா, வாழ்த்துக் குடுங்க," என்றாள் ஜிபார்.

கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளங்கைகளை விரித்து ஏந்தினார். மற்ற மூவரும் ஏந்தினார்கள்.

"சக்கரம் ரோட்டை விட்டு விலகாம இருக்கட்டும். ஏறினவங்க ஏறின மாதிரியே இறங்கட்டும். பாதை தடையில்லாம வெளுத்துக் கிடக்கட்டும். இந்த வண்டி நெறையப் பிள்ளைங்களைச் சுமக்கட்டும். ஓமின்."

"ஓமின்." எல்லோரும் கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். குபாத்தும்தான், வாயில் விதையோடு.

கொடுத்த வாழ்த்தை எந்தப் பெரியவரும் திரும்ப வாங்குவதில்லை. வாங்கினால் அது அவர் வீட்டின் மேலேயே விழும்.

ஜிபார் நிதானமாக நடந்து போய் மாமனாரின் டிக்கியைத் திறந்தாள். மூன்றாவது சீட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வேனின் பின் வரிசையில் சீட்டை வைத்து அழுத்தினாள். டக்.

"என்னது அது?"

"மூணாவது சீட், அத்தா."

கிழவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தாடி நடுங்கியது.

"டீயைக் கையில குடுத்துப் பொய் சொன்னியா?"

"நீங்க ஆயில் குச்சியைத் தொடாமயே சொன்னீங்க."

"பெரியவன்கிட்ட..."

"வாழ்த்தைத் திருப்பி வாங்கிக்கங்க. நெறையப் பிள்ளைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் சொல்லலியே."

"நான் எதுக்கும் சாட்சி இல்ல," என்றான் குபாத். "வித்தது வித்ததுதான்." அடுத்த வரிசைக்கு நடந்துவிட்டான்.

"தாலாய்!" கிழவரின் குரல் உடைந்தது. "உன் பொண்டாட்டியை அடக்கு!"

தாலாய் இருவரையும் பார்த்தான். சாவி கையில் இருந்தது. வேனுக்குப் போய்ப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். எதிரே ஸ்டீயரிங் இல்லை. இறங்கவும் இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பாத்துக்க," என்றாள் ஜிபார் மாமனாரிடம், முதல் தடவையாக ஒருமையில். "உன் வீட்டு வளர்ப்பு."

கிழவர் அவளை அடித்துவிடுவார் போலிருந்தது. அடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்பையிலிருந்து போனை எடுத்தார்.

"சீட்டுப் போட்டுட்டே. கெட்டிக்காரி. அஞ்சு வருஷமா அவனுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் யாரு முழிச்சிருந்தா? போன வருஷம் நீ வந்தப்ப அவன் எங்க போயி ஒளிஞ்சான்? வைக்கோல் அறையில. சாயங்காலம் வரைக்கும். அதுல உக்கார வேண்டியவனைக் கேட்டியா நீ?"

"அம்மாவோட போறதுக்குப் பிள்ளையை எதுக்குக் கேக்கணும்?"

"கேளு." எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேசு. நீதானே பெத்தவ."

மணி அடித்தது. யாரோ ஓடி வரும் சத்தம். பின்னால் நாய் குரைத்தது.

"அத்தா! வந்துட்டீங்களா?"

ஜிபார் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெக்தூர், நான் அம்மா பேசறேன். நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றோம். புது வண்டி வாங்கியிருக்கோம். உனக்குன்னு தனியா சீட்டு இருக்கு, ஜன்னல் பக்கம்."

நாய் மறுபடி குரைத்தது. பையன் அதை அதட்டினான்.

"யாரு, ஜிபாரா? அத்தாகிட்ட போனைக் குடு."