அழுக்குப் பையில் பத்திரம்

ஹோட்டல் அறையிலிருந்த ஃபோன் காலையிலிருந்து நாலாவது தடவையாக அடித்தது.

"எடுக்காதே! வெளிநாட்டுல தெரியாத ஃபோனை எடுத்தா நம்ம கதை முடிஞ்சுது," என்று கட்டிலுக்கு அடியிலிருந்து கத்தினார் வீட்டுக்காரர். தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரி. ஓய்வு பெற்றபின் அந்த உத்தியோகத்தைப் பெண்டாட்டி டீச்சரம்மாவிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். டாக்சி வர அரைமணி நேரம். இந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான். நாளைக் காலையில் ஊரில் தங்கைக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்வரை கூடவே இருப்பேன் என்று சொல்லியிருந்தாள். இங்கே என்னடாவென்றால் இரண்டு பாஸ்போர்ட்டையும் காணோம்.

"பீரோவுல நம்பர் பூட்டு போட்ட பெட்டி இருக்கு, அதுல வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"திருடன் முதல்ல அதைத்தான் திறப்பான். உனக்கென்ன தெரியும்? நான் தினம் இடத்தை மாத்திக்கிட்டே இருந்தேன்." தூசியோடு தலை வெளியே வந்தது. "திங்கக்கிழமை தலகாணி உறை. செவ்வாக்கிழமை ஷூ. நேத்து..."

"நேத்து?"

அவர் முகம் மலர்ந்தது. "அழுக்குத் துணிப் பை! என் சாக்ஸுக்குள்ள! எந்தத் திருடன் தொடுவான்?"

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். "அந்தப் பையை நேத்தே சலவைக்குப் போட்டுட்டேனே!"

"என்னைக் கேக்காமலா?"

"அழுக்கைத் தோய்க்க அனுமதிச் சீட்டு வாங்கணுமா? ஒளிச்சதை ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லிட்டா அப்புறம் அதென்ன ரகசியம்?"

ஃபோன் மறுபடி அடித்தது. அவர் பாய்ந்து தடுப்பதற்குள் எடுத்துவிட்டாள். கீழே வரவேற்பிலிருந்து ஒரு பெண். சலவைக்காரம்மா சாக்ஸை உதறாமல் இயந்திரத்தில் போட மாட்டாளாம். உதறியதில் இரண்டு பாஸ்போர்ட் விழுந்தனவாம். காலையிலிருந்து கூப்பிடுகிறார்களாம். ஆள் அனுப்பிக் கதவைக்கூடத் தட்டினார்களாம். உள்ளே ஓர் ஐயா, போலீஸைக் கூப்பிடுவேன் என்று விரட்டிவிட்டாராம்.

"நான் குளிச்சுக்கிட்டிருந்தப்போவா?" என்றாள் அவரைப் பார்த்து.

அவர் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

கீழே அவள் பாஸ்போர்ட்டை வாங்கிய கையோடு அவர் கை நீண்டது. "பாத்தியா, ஒரு திருடனும் கிட்ட வரலை! இப்படிக் குடு, பத்திரமா வைக்கிறேன்."

அவள் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வாசலில் டாக்சிக்காரர் பெட்டியைத் தூக்க வந்தார்.

"தொடாதே!" என்று பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

"தங்கச்சி காத்துக்கிட்டிருக்கா. பேசாம ஏறுங்க," என்றாள் டீச்சரம்மா. "இல்லேன்னா உங்களையும் சலவைக்குப் போட்டுட்டு நான் போய்க்கிட்டே இருப்பேன்."