சிரிக்கக் கூடாத நான்கு நிமிடங்கள்

மகளை ரயிலேற்றி அனுப்பிவிட்டு வந்த அப்பா, காலி அறையின் நடுவே நின்று அழுது பாடினார். அரங்கம் சிரித்தது.

முதல் முன்னோட்டக் காட்சியில் இது நடந்தபோது, பழக்க தோஷம், போகட்டும் என்று விட்டார்கள். இரண்டாவது காட்சியிலும் சிரித்தார்கள். மூன்றாவது காட்சியில் முன்வரிசைக்காரர் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். திரை விழுந்த கையோடு இயக்குநர் படியேறி மேடைக்கு வந்துவிட்டார்.

"நாளைக்கு மேட்னிதான் கடைசி முன்னோட்டம். அதுலயும் சிரிச்சாங்கன்னா பாட்டைத் தூக்கிடுவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நாலே நிமிஷப் பாட்டுங்க."

"நாலு நிமிஷமும் சிரிக்கிறாங்களேய்யா."

பாடியவருக்குப் பட்டப்பெயர் சறுக்கு. பாட்டு நாடகங்களில் இருபத்திரண்டு வருடமாகச் சறுக்கிக்கொண்டிருப்பவர். சோப்பில், மாடிப்படியில், ஈரத் தரையில், ஒருமுறை நீதிபதியின் மேஜைமேல். கதாநாயகர்கள் மாறினார்கள், கதாநாயகிகள் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள், சறுக்குபவர் மட்டும் மாறவில்லை. பல் டாக்டர்கூட "வாயைத் திறங்க சறுக்கு சார்" என்றுதான் சொல்வார். சொந்த அப்பா இறந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது லேசாகக் கால் இடறியது. கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அவருக்குக் குரல் உண்டு. நல்ல குரல். அதை யாரும் முழுதாகக் கேட்டதில்லை, பாதிப் பாட்டில் விழுந்துவிடுவதுதான் அவர் வேலை என்பதால். இந்த நாடகத்தில்தான் முதல் முறையாக விழாமல் பாட ஒரு வேஷம் கிடைத்தது. விடுதிக் காவலாளி, ஒரே மகள், ஒரே பாட்டு. இயக்குநர் சும்மா கொடுக்கவில்லை. ஒட்டு மீசையும் தொப்பியும் வைத்துக்கொண்டு, தண்ணீர் வாளியோடு சறுக்கும் வேலைக்காரனாகவும் அவரே வர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். பாட்டு முடிந்த அடுத்த காட்சியே வாளிக் காட்சி. சுவரொட்டியில் இருந்ததும் வாளிதான்.

இந்தப் பாட்டும் போனால், ஐம்பது வயதில் இனி யார் இன்னொன்று தரப்போகிறார்கள்? அவருக்குத் தெரியும். யாரும் தரமாட்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். உடை தைப்பவர், சட்டையைச் சாம்பல் நிறமாக்கினால் சரியாகிவிடும் என்றார். ஒப்பனைக்காரர் கண்ணுக்குக் கீழே கருப்புப் பூசினார். பூசிவிட்டு அவரே சிரித்தார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோகமா பாக்கக் கூடாதா?"

"எப்படிப் பாக்கணும்?"

"தெரியலங்க. நீங்க சோகமா பாத்தா எனக்கே சிரிப்பு வருது."

போனை வைத்தார். நாலு பேர் யோசனையும் கேட்டாயிற்று, இனி குற்றவாளியைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மச்சான்.

மனைவியின் தம்பி. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஆறாவது வரிசை, எஃப் பதினொன்று. பதினெட்டு வருடமாக அந்த நாற்காலி அவனுக்கு இலவசம். ஏனென்றால் சிரிப்பைத் தொடங்கி வைப்பது அவன். கூட்டம் சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் அந்த அரை நொடியில் குதிரை கனைப்பதுபோல ஒரு சத்தம் போடுவான். அவ்வளவுதான், மொத்த அரங்கமும் பின்னாலேயே வந்துவிடும். நாடகக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

மேட்னி மூன்று மணிக்கு. ஒன்றரை மணிக்கே மச்சான் ஒப்பனை அறைக்கு வந்து நின்றான், அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு.

"இன்னைக்கு நீ உள்ள வராத."

"மாமா?"

"வராதன்னா வராத. பதினெட்டு வருஷம் சிரிச்சது போதும். என் பொழைப்புல மண்ணைப் போடாத."

மச்சானின் முகம் சுருங்கியது. "பாட்டுல நான் சிரிக்கவே இல்ல மாமா. நீங்க வேணாம்னு சொன்னீங்க, நான் மூணு காட்சியும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தாடை வலிக்குது. வேணும்னா டாக்டர்கிட்ட காட்டிச் சீட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"நீ சிரிக்கலன்னா பின்ன யார்ரா தொடங்குனது?"

"நீங்கதான்."

"நான் அழுதுக்கிட்டிருந்தேன்டா."

"அழுதீங்க. ஆனா நிறுத்துனீங்களே."

சறுக்குக்குப் புரியவில்லை. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளை வாடிக்கையாளருக்கு விளக்கும் அதே பொறுமை குரலில் வந்துவிட்டது.

"பாருங்க மாமா. நான் எப்ப சிரிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியுது? நீங்க ஒரு வரி சொல்லிட்டு நிறுத்துவீங்க. தலையை லேசா இடது பக்கம் சாய்ப்பீங்க. அதுதான் எனக்குச் சிக்னல். பாட்டுலயும் அதையேதான் பண்றீங்க. ஒவ்வொரு அடி முடிஞ்சதும் நிறுத்தித் தலையைச் சாய்ச்சு, வந்து உக்காருங்கன்னு சேர் போட்டு வெக்கிறீங்க. ஜனங்க வந்து உக்காந்துடறாங்க."

"உளறாத."

"பியானோ அக்காகிட்ட கேளுங்க."

பியானோ அக்கா இசைக்குழுவை நடத்துபவர். அறுபது வயது, யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், உயர்த்த வேண்டிய அவசியமும் வந்ததில்லை. கேட்டதும், நோட்டைத் திறந்து பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார்.

"அடிக்கு அடி நடுவுல நான் எழுதினது ரெண்டு தாளத் தட்டு. நீ எடுக்கிறது அஞ்சு. மூணு நாளா உனக்காக விரலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்கே தோள்பட்டை விட்டுப்போச்சு."

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"பெரிய நடிகன், உணர்ச்சியில நிறுத்துறான்னு நினைச்சேன்."

சறுக்கு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்புக்கு இடம் விடுவது என்பது தொழிலில் முதல் பாடம். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைச் சொன்னால் அது செத்துப்போகும். இருபத்திரண்டு வருடம் இடம் விட்டு இடம் விட்டு, இப்போது உடம்பு தானாகவே விடுகிறது. மகள் போன துக்கத்திலும் விடுகிறது.

மணி இரண்டு. காலி அரங்கில் ஒத்திகை தொடங்கியது. மச்சான் எஃப் பதினொன்றில் உட்கார்ந்தான். சறுக்கு எங்கே நிறுத்துகிறாரோ அங்கே கை தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

'கதவைச் சாத்தாதே, காற்றாவது வந்து போகட்டும்...'

கை தூக்கினான்.

"நிறுத்தலடா. மூச்சு வாங்கினேன்."

"தலை சாஞ்சுது மாமா."

மறுபடி. கை. மறுபடி. கை. ஏழாவது முறை சறுக்கு கத்தினார். "ஒரு மனுஷன் மூச்சுகூட விடக் கூடாதாடா?"

"விடுங்க. ஆனா விட்டமாதிரி தெரியக் கூடாது."

பியானோ அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். "இங்க பாரு. இன்னைக்கு நான் உனக்காகக் காத்திருக்க மாட்டேன். எழுதினது ரெண்டு தட்டு, வாசிக்கப் போறதும் ரெண்டு தட்டு. நீ வந்தா வா. வரலன்னா பியானோ போயிக்கிட்டே இருக்கும்."

"அக்கா, வரி விட்டுப்போச்சுன்னா?"

"விட்டதை வீட்ல போய்ப் பாடு."

மூன்று மணி. கூட்டம் முக்கால்வாசி. முதல் பாதி வழக்கம்போல ஓடியது. இடைவேளை முடிந்து அரை மணி நேரத்தில் ரயில் காட்சி. மகள் கையசைத்துப் போனாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து காவலாளியின் அறைமேல் ஒன்று மட்டும் நின்றது.

சறுக்கு பாடத் தொடங்கினார்.

முதல் அடி முடிந்தது. தலை இடது பக்கம் போகப் பார்த்தது. அதற்குள் பியானோ கிளம்பிவிட்டது. ஓடும் பேருந்தைத் துரத்தி ஏறுகிறவர்போல இரண்டாவது அடியைப் பிடித்தார். பின்வரிசையில் ஒரு 'க்ளுக்'. யாரோ ஒருவர் தொடங்கப் பார்க்கிறார். சிரிக்க இடமில்லை, அடுத்த வரி வந்துவிட்டது. 'க்ளுக்' அப்படியே விழுங்கப்பட்டது.

மூன்றாவது அடி. மூச்சு போதவில்லை. குரல் நடுவில் பிசிறியது, அதைச் சரிசெய்யவும் பியானோ நேரம் தரவில்லை. பிசிறிய குரலோடே போனார். பாவி அக்கா, கொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேதான் பாடினார். நான்காவது அடியில் அந்த நினைப்பும் போய்விட்டது. சாத்தாத கதவும் வராத காற்றும்தான் இருந்தன.

பாட்டு முடிந்தது. சிரிப்பில்லை. கைதட்டலும் இல்லை. இருமல்கூட இல்லை. அறுநூறு பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதே இல்லை. விளக்கு அணைந்த பிறகுதான் தட்டத் தொடங்கினார்கள்.

பக்கத்திரைக்குள் ஒரு நிமிடம்தான். மீசையை ஒட்டினார்கள், தொப்பியை மாட்டினார்கள், வாளியைக் கையில் திணித்து மேடைக்குத் தள்ளினார்கள்.

சறுக்கினார். கச்சிதமான சறுக்கல். வாளி தலைகீழாகக் கவிழ்ந்து, தொப்பிமேல் தண்ணீர் கொட்டி, காலி வாளி படிக்குப் படி உருண்டு... யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எஃப் பதினொன்றால் இதைத் தாங்க முடியவில்லை. பதினெட்டு வருடக் கடமை. மச்சான் கனைத்தான்.

தனியாக. அரங்கம் முழுக்க அந்த ஒரே ஒரு குதிரை. அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி திரும்பி, "ஷ்ஷ். கொஞ்சம்கூட இரக்கமே இல்லையா உங்களுக்கு" என்றார். மச்சான் நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டான்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று சறுக்கு எழுந்து நின்றார்.

"பாட்டு எடுபட்டுடுச்சு. ஒத்துக்கறேன். ஆனா வாளி செத்துப்போச்சு. பாத்தியா நீ?"

"பாத்தேங்க."

"அந்தப் பாட்டுக்கு அப்புறம் எவன் விழுந்தாலும் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்."

"நடுவுல ஒரு இடைவேளை..."

"பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடிதானே விட்டோம். எத்தனை தடவை காப்பி குடிப்பாங்க? ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒரு அளவு இருக்கில்ல?" இயக்குநர் கதவு வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு முதல் காட்சி. எதை வெக்கணும்னு நீயே சொல்லு. ஒரு மணி நேரம் தரேன். சுவரொட்டியில வாளி இருக்குங்கிறதையும் ஞாபகத்துல வெச்சுக்கோ."

சிரித்தால் பாட்டைத் தூக்குவேன் என்றார். சிரிக்காவிட்டால் இரண்டில் ஒன்றைத் தூக்கு என்கிறார். ஒரு மனிதன் எந்தப் பக்கம்தான் விழுவது? அதுவும் வாளி என்றால் லேசா? வீட்டு வாசலில் அவரை நிறுத்திப் பேசுகிறவர்கள் எல்லாம் வாளியைப் பார்த்தவர்கள். வாளி இருக்கும்வரை சறுக்குக்கு வேலை உண்டு. பாட்டு ஒன்றுதான், அதுவும் இந்த நாடகம் ஓடும்வரைதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். முன்கூடத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தூணோரம் மச்சான் குற்றவாளிபோல நிற்க, அதட்டிய அதே பெண்மணி அவனை இன்னும் விடவில்லை. சறுக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்கதானே அந்த அப்பா? எங்க பொண்ணு போன மாசம்தான் வெளியூர் வேலைக்குப் போனா. வீட்டுக்குப் போய் அவளுக்கு போன் பண்ணணும்." போகத் திரும்பியவர் நின்றார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு நல்லா பாடிட்டுப் போறீங்க, பின்னாடியே ஒரு வாளிக்காரன் வந்து கெடுத்துட்டான். அந்த ஆளை யாருங்க உள்ள விட்டது?"

மச்சான் வாயைத் திறந்தான். சறுக்கு அவன் காலை மிதித்தார்.

"நான் சொல்லிடறேங்க" என்றார்.

"கண்டிப்பா சொல்லுங்க. வயசான மாதிரி வேற தெரிஞ்சுது. இன்னுமா விழுந்துக்கிட்டிருப்பாரு, பாவம்."

பெண்மணி போனார். சறுக்கு நேராக இயக்குநரின் அறைக்கு நடந்தார். கதவைத் தட்டவில்லை.

"வாளிக்காரனை எடுத்துடுங்க."

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உன் பொழைப்பே அதுதானேய்யா."

"தெரியுங்க."

"நாளைக்கு நான் வாளி வெச்சு வேற நாடகம் போட்டா, வேற ஆளைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. இயக்குநர் பேனாவை எடுத்துப் பிரதியில் ஒரு பக்கத்தை நீளமாக அடித்தார். சுவரொட்டி ஒட்டுபவரைப் போனில் பிடித்து அவரையும் திட்டத் தொடங்கினார்.

வெளியே மச்சான் காத்திருந்தான். நடந்ததைக் கேட்டுக்கொண்டான். மாமாவோடு தெருவில் இறங்கி நடந்தான்.

"அப்ப நாளைலேர்ந்து நான் வர வேணாமா மாமா?"

"வா."

"வந்து என்ன பண்ணட்டும்? சிரிக்கவா முடியும்?"

"அழணும்னா அழு."

மச்சான் யோசித்தான். முகத்தை ஒரு மாதிரி கோணலாக வைத்து முயன்றும் பார்த்தான். எதிரே வந்த இரண்டு பேர் விலகிப் போனார்கள்.

"எனக்கு அழ வராது மாமா."

"அப்ப வாயை மூடிக்கிட்டுச் சும்மா உக்காரு" என்றார் சறுக்கு.