முதல் குடம்

தண்ணி லாரியை முதலில் கண்டு கூவுகிறவளுக்கு முதல் இரண்டு குடம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் அந்த பிளாக்கின் சட்டம் அது. எழுதி வைத்தவர் யாருமில்லை. மீறினால் மட்டும் கொண்டை மிஞ்சாது. பச்சையம்மா விடியும்போதே கேட்டருகில் குந்திவிடுவாள். தெருமுனையில் லாரி தலைகாட்டியதும் அவள் போடும் சத்தத்தில் காக்கைகூடப் பறந்துவிடும். இரண்டு குடத்தை மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு ஓடுவாள். தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது.

அந்தச் சட்டத்துக்கு அவள் பெற்ற மகளே வேட்டு வைத்தாள். பத்தாவது படிக்கும் எழில்மொழி, பள்ளிக்கூடத்துப் புதுக் கண்டுபிடிப்புப் போட்டிக்காக, லாரி நிரப்பும் பொதுத் தொட்டியில் தண்ணீர் ஏறினால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும்படி ஒன்றைச் செய்திருந்தாள். மூடிய காலி கேன் ஒன்று தண்ணீரோடு மிதந்து மேலே வரும். அதில் செருகிய குச்சி தொட்டி மூடியின் ஓட்டை வழியாக எழும்பி, மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய ஒயர்களைத் தொடத் தொட மணி. அன்புக்கரசி டீச்சர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"எல்லா வூட்லயும் மணி அட்ச்சா, அப்பால நான் கூவறதுக்கு இன்னா மருவாதி?" என்றாள் பச்சையம்மா.

"முழுசா கேளு மா..."

"போடீ. பெரிய இவ!"

இன்று விடியற்காலையில் பச்சையம்மா தன் பழைய புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, குச்சியை மூடியின் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிட்டாள். போட்டி எப்படியும் பள்ளிக்கூடத்தில்தானே நடக்கும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பியது. லாரிக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. டீச்சரும், நடுவர் சுப்புராயனும் இறங்கினார்கள்.

"நேர்ல பார்த்துத்தான் மார்க் போடுவாராம். தேறிட்டா மாநிலப் போட்டி. எழில் சொல்லலையாம்மா?" என்றார் டீச்சர்.

"எங்கம்மா இதப்பத்தி பேசவே வுடாது டீச்சர்," என்ற எழில், தாயின் காதருகே வந்தாள். "இன்னிக்கு ஒரு நாளு கூவாதே மா. மணி அடிக்கட்டும்."

லாரி வந்துவிட்டது. பச்சையம்மா கூவ வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

மேடை மேல் இருந்த தொட்டிக்குள் குழாயைச் செருகினார்கள். தண்ணீர் கொட்டியது. மணி அடிக்கவில்லை. சுப்புராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழில் சுவரோரம் ஓடி ஒயர்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நேத்து அட்ச்சிது சார். சத்தியமா அட்ச்சிது."

"வேற பள்ளிக்கும் போகணும்மா," என்றார் அவர்.

இப்போது கூவினால் முதல் குடம் பச்சையம்மாவுக்குத்தான். கீழேயிருந்து பார்த்தால் அந்தத் துணி தெரியாது. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைமேல் ஏறினாள்.

முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. நகம் இறங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்ததும் குச்சி உள்ளங்கையை முட்டியது. கிழிந்த துணி காற்றில் பறந்துபோய் எழிலின் காலடியில் விழுந்தது. அது யார் புடவை என்று அவளுக்குத் தெரியாதா?

எழில் அழவில்லை. கத்தினாள். "மா, வுட்றாதே! கெட்டியா புட்ச்சிக்கோ! மொத்தமா வுட்டா எல்லா மணியும் ஒண்ணா அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா வுடு!"

உள்ளே தண்ணீர் கேனை மேலே தள்ளியது. பச்சையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிடியைத் துளித் துளியாகத் தளர்த்தினாள். மேலே மணி அடித்தது. மூன்றாவது மாடியில் மட்டும். பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்குள்ளிருந்தும் கேட்டது.

"ஏன் மூணாவது மாடி முதல்ல?" என்றார் சுப்புராயன்.

"கீழ் வூட்டுக்காரங்க கதவ தொறந்தா தண்ணி சார். மேல கீறவங்க அத்தினி படி எறங்கி வர்ணும். அதான் மொதல்ல அவங்களுக்கு, அப்பால ரெண்டாவது மாடிக்கு, அப்டியே கீழ வரும்." எழில் மூச்சு வாங்கினாள். "எங்கம்மா கேட்டாண்ட குந்திகினு கெடக்க வாணாம்னுதான் சார் இத்தயே ஆரம்பிச்சேன்."

பச்சையம்மா மகளைக் குனிந்து பார்த்தாள். பாவி, மகள் சொல்ல வந்ததை ஒரு நாளாவது முழுசாகக் கேட்டாளா?

சுப்புராயன் துணியைக் கையில் எடுத்தார். "இதைக் கட்டினது யாரு?"

எழில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார்," என்றது மேடை மேலிருந்து ஒரு குரல். "என் கொடத்துக்காவ."

குடத்தோடு இறங்கி வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இனிமேலும் யாராவது கட்டினா என்னம்மா செய்வே?" என்று அவர் எழிலைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். "பூட்டு போட்ட மூடி ஒண்ணு செய்வேன் சார். எங்கம்மாவாலயும் தொறக்க முடியாத மூடி."

"அந்த மூடியோட மாநிலப் போட்டிக்கு வா."

டீச்சர் கைதட்டினார். பெண்கள் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. கீழ் வீட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. அதன் முறை வரும்வரை அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.